கோரையாற்றிலிருந்து தலைக்காவிரி வரை: புவியியல் வகுப்புக்கு நான் பயன்படுத்தும் இணையதளங்கள்

டெல்டாவின் கடைக்கோடியில் ஓர் அரசுப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வரலாறு கதையாகப் போய்விடும், குடிமையியல் செய்தித்தாளை வைத்தே ஓட்டிவிடலாம், புவியியல் மட்டும் ரொம்ப நாள் எனக்குச் சவாலாகவே இருந்தது. பருவக்காற்று, புவித்தட்டு, ஆற்று வளைவு என்று எல்லாமே நகர்கிற விஷயங்கள், ஆனால் புத்தகத்தில் அவை நிற்கிற படங்கள். பிள்ளைகள் அம்புக்குறியை மனப்பாடம் செய்து வரைந்துவிடுவார்கள், அந்த அம்பு எதைச் சொல்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் மூன்று வருடமாக இணையத்தில் கிடைப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வகுப்பில் போட்டுப் பார்த்துவருகிறேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதி வைத்தால் வேறு ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கும் அம்மா அப்பாக்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்று. எங்களிடம் இருப்பது ஒரு புரொஜெக்டர், என்னுடைய பழைய லேப்டாப், நெட்டுக்கு என் கைப்பேசி ஹாட்ஸ்பாட். இந்த நிலைமையில் 40 பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும்போது ஓடுகிறதா என்பதுதான் என் அளவுகோல். நல்ல நெட் உள்ள பள்ளியில் இருப்பவர்களுக்கு என் தரவரிசை கொஞ்சம் மாறலாம்.

கூகுள் எர்த் ப்ரோவிலிருந்து தொடங்குகிறேன். கணினியில் நிறுவுகிற அந்தப் பழைய மென்பொருளைச் சொல்கிறேன், பிரவுசரில் திறப்பதை அல்ல. 2015 தொடக்கத்திலிருந்தே இது இலவசம். பிரவுசர் பதிப்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வகுப்புக்குத் தேவையான சில கருவிகள் ப்ரோவில்தான் கைக்கு வசமாக இருக்கின்றன. இன்னொரு பெரிய வசதி, நாம் ஒரு தடவை பார்த்த இடங்களின் படங்களை அது லேப்டாப்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரி வீட்டு வைஃபையில் பாடத்துக்கு வேண்டிய இடத்தையெல்லாம் நிதானமாக ஒரு சுற்று சுற்றிவிட்டால், மறுநாள் பள்ளியில் நெட் தட்டுத்தடுமாறினாலும் அந்த வழி திறக்கும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு பாதிப் பீரியட் போன நாட்கள் உண்டு.

இதில் நான் செய்து பார்த்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் காவிரி. புத்தகத்தில் எல்லா ஆறும் பிறக்கும் இடத்தில் தொடங்கிக் கடலில் முடியும். நான் தலைகீழாக எடுத்தேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், கோரையாறு கடலைச் சேர்கிற இடத்தில் திரையை நிறுத்தி, "இங்கேயிருந்து தண்ணீர் வந்த வழியே மேலே போகலாம்" என்று சொன்னேன். கோரையாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டே வடக்கே ஏறினால் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு வரும். வெண்ணாறு அங்கே வந்து கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிவது மேலேயிருந்து பார்த்தால் கையிலிருந்து விரல் பிரிகிற மாதிரி அப்படியே தெரியும். பாதிப் பிள்ளைகளுக்கு மூணாறு தலைப்பு பேருந்தில் கடக்கிற ஒரு பாலம், அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "டீச்சர், எங்க வயலுக்கு வர்றது பாமணியாத்துத் தண்ணி, அப்ப நானும் இவனும் இங்கதான் பிரியறோமா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டிக் கேட்டான். கிளையாறு என்ற சொல்லை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்து வெண்ணாறு வழியே கல்லணை, அப்புறம் கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு, நடுவில் தீவாக ஸ்ரீரங்கம், மேலே மேட்டூர். ஜூன் 12 பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அந்தத் தண்ணீர் நிற்கிற இடத்தை முதல் தடவையாகப் பார்த்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. ப்ரோவில் கடிகாரம் போட்ட ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கினால் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்கள் வரிசையாக வரும். அணை நிறைந்திருக்கும் படத்தையும் வற்றியிருக்கும் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டலாம். அப்படியே கர்நாடகம் போய்த் தலைக்காவிரியில் முடித்தோம். கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், ஒன்றரைப் பீரியட்.

அதே மென்பொருளில் உயரக் குறுக்குவெட்டு எடுக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ரூலர் கருவியில் ஒரு பாதையை வரைந்து சேமித்து, அதன்மேல் வலது கிளிக் செய்தால் அந்தப் பாதை நெடுக நிலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கீழே ஒரு வரைபடம் வரும். நான் கோழிக்கோட்டிலிருந்து ஊட்டி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கோடு போட்டேன். கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரம் தரையோடு தரையாக வந்து, திடீரென்று சுவர் மாதிரி 2000 மீட்டருக்கு மேல் ஏறி, இந்தப் பக்கம் சடாரென்று இறங்குகிறது. அடுத்து பொன்னானியிலிருந்து பாலக்காடு வழியாகக் கோயம்புத்தூருக்கு இன்னொரு கோடு. சுவரைக் காணோம், மெல்ல மெல்ல ஒரு சரிவு, அவ்வளவுதான். இரண்டையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையச் சொல்லிவிட்டு, காற்று மேற்கேயிருந்து வந்தால் எந்தக் கோட்டில் முட்டும், எந்தக் கோட்டில் நுழையும் என்று கேட்டேன். மழை மறைவுப் பிரதேசம், அதாவது காற்றை மலை மறிப்பதால் அதன் மறுபக்கத்தில் மழை குறையும் பகுதி, என்ற வார்த்தையை அதற்கப்புறம்தான் சொன்னேன், அதற்குள் அவர்களே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிரவுசர் கூகுள் எர்த்தில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்கிறேன், டைம்லேப்ஸ். 1984 முதல் நிலம் மாறியதை ஓடும் படமாகக் காட்டும். ஆரல் கடல் சுருங்குவதையும், பெரு நாட்டில் உக்காயாலி ஆறு பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து தன் வளைவையே வெட்டிவிட்டுப் போவதையும் 9ஆம் வகுப்புக்குப் போடுங்கள். ஆற்று வளைவு, ஆறு வெட்டி விட்டுப்போன வளைவில் நிற்கும் குருட்டு ஆறு எல்லாம் படமாக மனதில் நின்றுவிடும்.

இப்போது என் முதலிடம். எர்த் நல்ஸ்கூல் என்ற இணையதளம். கேமரன் பெக்காரியோ என்பவர் 2013இல் உருவாக்கியது. ஒரு கறுப்பு உருண்டை, அதன்மேல் காற்று மெல்லிய கோடுகளாக ஓடிக்கொண்டே இருக்கும். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் வேண்டாம். இடது கீழ்மூலையில் உள்ள பெயரைத் தொட்டால் மெனு விரியும், அங்கே தேதி, உயரம், காற்றா கடல் நீரோட்டமா என்று மாற்றலாம். மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதுவும் சுருக்கெழுத்தாக, ஆனால் நான்கைந்து சொற்கள்தான், பிள்ளைகள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஜூலை மாதத்தில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு, உயரத்தில் 850 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் உள்ள மட்டம், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம். இந்தியப் பெருங்கடலின் தென்பாதியில் தென்கிழக்கிலிருந்து வரும் காற்று, நிலநடுக்கோட்டை ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தாண்டியதும் அப்படியே வலப்பக்கம் திரும்பி, சோமாலியா ஓரமாக வேகமெடுத்து, அரபிக்கடலைக் கடந்து நேரே கேரளக் கரையில் வந்து மோதுவது தெரியும். ஃபெரல் விதி என்று ஒரு வரியில் புத்தகத்தில் இருப்பது, வட அரைக்கோளத்தில் காற்று வலப்புறமாக விலகும் என்பது, இங்கே கண்ணெதிரே நடக்கிறது. நான் நிலநடுக்கோட்டில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு, "காற்று எங்கே திரும்புதுன்னு பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் தேதியை நவம்பருக்கு மாற்றினேன். எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வங்கக்கடல் வழியாக நம்மை நோக்கி வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஏன் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கிடைக்கிறது, கேரளா நனையும் ஜூலையில் நமக்கு ஏன் காற்று மட்டும் அடிக்கிறது என்பதற்கு இந்த இரண்டு திரைகளும் போதும்.

அடுத்து செய்ததை யோசித்து, தயங்கித்தான் செய்தேன். தேதியை 2018 நவம்பர் 15 ராத்திரிக்குக் கொண்டுபோனேன். கஜா. எங்கள் பிள்ளைகள் அப்போது ரொம்பச் சின்னவர்கள், ஆனால் யாரும் மறக்கவில்லை, ஓடு பறந்த வீடும் சாய்ந்த தென்னையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. வேதாரண்யம் பக்கம் அந்தச் சுழல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே கரையேறுவதை மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமாக நகர்த்திக் காட்டினேன். ஒரு பெண் சொன்னாள், "எங்க ஆத்தா சொல்லும் டீச்சர், முதல்ல வடக்க இருந்து அடிச்சுச்சாம், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லயாம், அப்புறம் தெக்க இருந்து அடிச்சுச்சாம், ரெண்டாவது அடியிலதான் மரமெல்லாம் போச்சாம்." திரையைத் திருப்பி ஓட்டினோம். மேற்கே நகர்கிற சுழலின் முன்பக்கத்தில் காற்று வடக்கேயிருந்து, நடுவில் கண், பின்பக்கத்தில் தெற்கேயிருந்து. ஆத்தா சொன்னது அப்படியே அங்கே இருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் அந்த நிமிடம் எனக்கு முக்கியமானது, ஏனென்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு விஷயத்துக்குக் காரணம் என்ன என்பதை அந்தப் பெண் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

குறை என்று சொன்னால், இதில் தெரிவது நேரடியாக அளந்த காற்று அல்ல, உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வானிலை மாதிரியின் முடிவு. புயலின் கண்ணருகே உண்மையில் அடித்த வேகத்தைவிட இதில் குறைவாகவே காட்டும். திசைக்கும் அமைப்புக்கும் இதைப் பயன்படுத்துங்கள், வேகத்துக்கு வானிலை ஆய்வு மையத்தின் எண்களைச் சொல்லுங்கள்.

நிலநடுக்கத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளம், சுருக்கமாக யுஎஸ்ஜிஎஸ். திறந்ததும் கடைசி ஒரு நாளில் உலகில் நடந்த நிலநடுக்கங்கள் புள்ளிகளாக இருக்கும். 30 நாளுக்கு மாற்றினால் பசிபிக் நெருப்பு வளையம் யாரும் வரையாமலே வந்து நிற்கும். இதன் உண்மையான பலம் பழைய பதிவுகளைத் தேடும் பகுதியில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 முதல் 31 வரை, அளவு 4.5க்கு மேல் என்று கொடுத்துப் பாருங்கள். சுமத்ராவின் வடமுனையிலிருந்து அந்தமான் வரைக்கும் புள்ளிகள் வில் மாதிரி வளைந்து நிற்கும், ஏறக்குறைய 1300 கிலோமீட்டர் நீளம். நிலநடுக்கம் என்றால் ஓர் இடத்தில் நடப்பது என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, தட்டின் விளிம்பு அத்தனை தூரத்துக்குக் கிழிந்தது என்பது அந்த வில்லைப் பார்த்ததும்தான் உறைத்தது. முதல் அதிர்வு 9.1 அளவு, நேரம் உலக நேரப்படி 00:58. இதை நம் நேரத்துக்கு மாற்றச் சொன்னேன். நம் நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கக்கோடு 82 டிகிரி 30 நிமிடம் கிழக்கு, 15 டிகிரிக்கு ஒரு மணி, ஆக ஐந்தரை மணி நேரம், காலை 6:28. நாகப்பட்டினத்தில் அலை வந்தது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் என்று ஒரு பையனே கேட்டான். பேரிடர் மேலாண்மைப் பாடத்தை அன்று அங்கேயே சேர்த்து எடுத்துவிட்டேன். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையையும் ஒரு தடவை காட்டுங்கள், கரையோரத்தில் ஆழம் குறைந்த நிலநடுக்கங்கள், உள்ளே பொலிவியா பக்கம் போனால் 500, 600 கிலோமீட்டர் ஆழத்தில். தட்டு சாய்ந்து கீழே அமிழ்கிறது என்பதற்கு வேறு படம் தேவையில்லை.

சின்னதாக இரண்டு. ட்ரூ சைஸ் என்ற தளத்தில் ஒரு நாட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு நாட்டின்மேல் வைக்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், இங்கே அதை இந்தியாமேல் கொண்டுவந்து வைத்தால் நம் நாட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். அந்தச் சுவர்ப்படம் மெர்கேட்டர் வரைபடம், அதில் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் பெரிதாகத் தெரியும், அந்தச் சிக்கலைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இன்னொன்று பாப்புலேஷன் பிரமிட் என்ற தளம், நாடுவாரியாக 1950லிருந்து வயதுப் பிரிவு வாரியான மக்கள்தொகை, 2100 வரைக்குமான கணிப்பும் உண்டு. ஜப்பான், நைஜர், இந்தியா மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் பாடம் தானாக நடக்கும்.

நம் நாட்டுத் தளங்களில் இஸ்ரோவின் புவன். 2009இல் தொடங்கியது. பள்ளிக்கென்றே ஸ்கூல் புவன் என்று என்சிஇஆர்டி பாடங்களை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு அதிகம் பயன்பட்டது கருப்பொருள் வரைபடங்களில் உள்ள நிலப்பயன்பாடு அடுக்குதான். நம் மாவட்டத்தில் எது நஞ்சை, எது சதுப்பு, எது குடியிருப்பு என்று வண்ணத்தில் பார்க்கலாம், 2005-06 படத்தையும் 2015-16 படத்தையும் ஒப்பிடலாம். அடுக்குகள் நிறைய, எது எங்கே என்று பழக ஆசிரியருக்கு ஒரு வாரம் பிடிக்கும், வகுப்பில் முதல் தடவையாகத் திறக்காதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் இணைய வரைபடத் தளத்தில் 1:50,000 அளவை இடவிளக்க வரைபடங்கள் பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. பழுப்பில் சமவுயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது), நீலத்தில் நீர்நிலை, மஞ்சளில் சாகுபடி நிலம். நீலகிரித் தாள் ஒன்றையும் டெல்டாத் தாள் ஒன்றையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்றில் பழுப்புக் கோடு நெருக்கியடிக்கிறது, இன்னொன்றில் தேட வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுத் தளங்களில் ஜம்மு காஷ்மீர், லடாக், அருணாசலப் பிரதேச எல்லைகள் வேறு மாதிரி, புள்ளிக்கோடாக இருக்கலாம். பொதுத்தேர்வு வரைபட வினாவுக்குப் பிள்ளைகள் பழக வேண்டியது நில அளவைத் துறையின் எல்லையைத்தான். காற்றையும் கடலையும் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள், இந்திய எல்லையை மட்டும் பாடப்புத்தகத்திலும் அரசுத் தளங்களிலும் பாருங்கள் என்று நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். மாநிலங்களின் இடத்தை மனதில் பதிக்க செட்டெரா விளையாட்டு நல்லது, பெயர் சொல்லும், நாம் தொட வேண்டும். வீட்டில் கைப்பேசியில் விளையாடிவிட்டு மதிப்பெண்ணை என்னிடம் வந்து சொல்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு, திக்‌ஷா, கல்வித் தொலைக்காட்சி பற்றிக் கேட்பீர்கள். தமிழில், நம் பாடத்தின் வரிசையிலேயே, இலவசமாக இருப்பது பெரிய விஷயம். வகுப்புக்கு வராத பிள்ளைக்கும், தேர்வுக்கு முன்னால் திருப்பிப் பார்க்கிற பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். ஆனால் காணொளி என்பது பார்த்துக்கொண்டிருப்பது. பிள்ளையே தேதியை மாற்றி, கோட்டை வரைந்து, ஏன் இப்படி என்று கேட்கிற இடம் அதில் இல்லை. புத்தகத்தில் பாட முடிவில் வரும் இணையச் செயல்பாடு பகுதியைப் பல பேர் தாண்டிவிடுகிறோம், அதைத் தாண்டாதீர்கள்.

பணம் கட்டுகிற செயலிகளில் ஒன்றை என் அக்கா மகனுக்காக ஒரு வருடச் சந்தாவில் வாங்கினோம். பெயர் வேண்டாம். புவியியல் என்ற தலைப்பின் கீழ் இருந்தது, பாடப்புத்தகத்தின் வரிகளை ஒரு கார்ட்டூன் பொம்மை படிக்கிற காணொளிகளும், ஒரு மதிப்பெண் வினாக்களும். வரைபடம் என்று வந்த இடத்திலும் நிற்கிற படம்தான். வருடம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வருடத் தொகையையும் எடுத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க அக்கா இரண்டு மாதம் அலைந்தாள். மேலே நான் சொன்னவற்றில் எதற்குமே நான் ஒரு ரூபாய் கட்டவில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால், தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை முதலில் நிறுத்திவிட்டு வாங்குங்கள்.

கைப்பேசி மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நல்ஸ்கூலும் யுஎஸ்ஜிஎஸ்ஸும் போதும், சாதாரண பிரவுசரிலேயே திறக்கும். போன நவம்பரில் ஒரு ராத்திரி, அந்தக் கஜா கதை சொன்ன பெண் தன் அப்பாவின் வாட்ஸ்அப்பிலிருந்து எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். வங்கக்கடலில் ஒரு சுழல், பக்கத்தில் அவளே வட்டம் போட்டிருந்தாள். "டீச்சர், இது நம்ம பக்கம் வருமா?" அதை இந்தத் தளத்தைப் பார்த்து நாம் சொல்லக்கூடாது, வானிலை ஆய்வு மையம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று அவர்களுடைய அறிவிப்புப் பக்கத்தை அனுப்பினேன். மறுநாள் காலை அதைப் படித்துவிட்டு வந்து, எந்த மாவட்டத்துக்கு எந்த நிற எச்சரிக்கை என்று வகுப்பில் அவளே வாசித்தாள்.